பேஸ்மட்டமும் தறிக்குழியும்

அமெரிக்காவில் இருக்கும் என் டீம்காரர் ஒருவர் போன வருடம் முழுக்க வீட்டு பேஸ்மென்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். அங்கே அது தரைக்குக் கீழே இருக்கும் அறை. அதே வார்த்தையை நம்ம ஊர்க் கொத்தனாரிடம் சொன்னால் "பேஸ்மட்டம்" என்று திருத்திவிட்டு, மண்ணுக்கு மேலே எழும்பி நிற்கும் அஸ்திவாரத்தைக் காட்டுவார். குறிஞ்சிப்பாடியில் எங்கள் பழைய வீட்டில் எனக்கு மேலேயும் பிரச்சினை, கீழேயும் பிரச்சினை. பேஸ்மட்டம் தாழ்ந்துபோயிருந்தது. தரைக்குக் கீழே ஒரு பள்ளமும் இருந்தது. அது தறிக்குழி.

குறிஞ்சிப்பாடி கைலி நெசவுக்குப் பேர்போன ஊர். குழித்தறியில் நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிப்பார். விழுது ஏறி இறங்கும், பாவு பிரியும், நடுவில் நாடா ஓடும். கால் வைக்க மட்டும் அல்ல அந்தக் குழி. மண் ஈரம் அறையில் தங்கினால் பருத்தி நூல் காய்ந்து அறாது. இன்றைக்கு "ஓதம்" என்று நான் சண்டை போடும் அதே ஈரம்தான் எங்கள் தாத்தாவுக்குச் சோறு போட்டது. ஐப்பசி, கார்த்திகையில் குழியிலேயே தண்ணீர் ஊறிவிட்டால் மட்டும் தறி நிற்கும், கூலியும் நிற்கும்.

எங்கள் தறி நின்று இருபது வருடம் ஆகிறது. குழிக்கு மேல் பலகை போட்டு, அந்த அறையில் அப்பா படுக்கிறார். 78 வயது. இரண்டு வருடமாக ராத்திரியில் இளைப்பு. டாக்டர் மருந்து எழுதிக்கொடுத்துவிட்டு, "அறையில ஈரம், பூஞ்சணம் எதாவது இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. சுவரில் மூன்றரை அடி உயரத்துக்குக் காரை பொரிந்து, வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

இதில் என் பங்கும் உண்டு. 2015 நவம்பர் மழையில் கடலூர் மாவட்டமே தத்தளித்தபோது எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. வடிந்த பிறகு, நல்லது செய்வதாக நினைத்து, கீழ்ச்சுவரின் பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசச் சொன்னேன். மேலே எமல்ஷன் பெயிண்ட், தரைக்கு பளபளப்பான டைல்ஸ். அதற்கு முன் ஓதம் முழங்கால் உயரத்தைத் தாண்டியதில்லை.

ஏன் ஏறியது? செங்கல்லிலும் காரையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. மெல்லிய குழாயில் தண்ணீர் தானாக மேலேறும். குழாய் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு உயரம். ஆரம் 0.1 மி.மீ. என்றால் சுமார் 15 செ.மீ. 0.01 மி.மீ. என்றால் சுமார் ஒன்றரை மீட்டர். கணக்கு இப்படிச் சொன்னாலும் சுவரில் தண்ணீர் அந்த உயரத்துக்குப் போவதில்லை. ஏறுகிற வழியிலேயே சுவரின் முகத்திலிருந்து ஆவியாகிவிடும். ஏறுவதும் ஆவியாவதும் சமமாகும் இடத்தில் ஓதம் நிற்கும். நான் ஆவியாகும் முகத்தை சிமெண்டாலும் பெயிண்டாலும் மூடினேன், தரையை டைல்ஸால் மூடினேன். தண்ணீர் வெளியேற இடம் தேடி மேலே போனது. அது கொண்டுவந்த உப்பு, காயும் இடத்தில் படிகமாகிப் பூச்சைத் தள்ளி உடைத்தது.

இது அடியிலிருந்து ஏறும் ஈரமா, காற்றின் ஈரம் சுவரில் படிவதா என்று சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். ஒரு சதுர அடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எங்கள் தாளில் உள்பக்கம் சொட்டியது.

வெளியே இன்னொரு கதை. தெருவை ஒவ்வொரு முறை போடும்போதும் பழைய ரோட்டின் மேலேயே போட்டுப் போட்டு, இரண்டு படி ஏறி நுழைந்த வீடு இப்போது தெருவோடு தெருவாக நிற்கிறது. பழைய மேல்தளத்தைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தியது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் தெரு அதற்கு முன்பே உயர்ந்துவிட்டது. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவது பற்றியும் விசாரித்தேன். சுண்ணாம்புக் கட்டுச் சுவரில் அந்த ரிஸ்க் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கொத்தனார் பெரியவர். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சிமெண்டால வாயை மூடிட்டீங்க தம்பி. தண்ணி வேற எங்க போவும்?" நான் இரண்டு வாரம் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம்!

சிக்கல் தறிக்குழியில் வந்தது. அது சுவரை ஒட்டி இரண்டரை அடி ஆழம். மழைக்காலத்தில் அதில் தேங்கும் தண்ணீர் நேரே அஸ்திவாரத்துக்கு ஊட்டம். மூடுவதுதான் சரி என்று எனக்கே தெரியும். ஆனால் மனசு வரவில்லை. கண்ணாடி போட்டு அப்படியே பாதுகாக்கலாம் என்று லேப்டாப்பில் படம் வரைந்துகொண்டு போனேன். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாப்பது வருசம் அதுக்குள்ள கால வெச்சிருந்தேன்டா. மூடு."

மூடினோம். குழியில் மணல் நிரப்பி, தண்ணீர் விட்டு இறுக்கினோம். டைல்ஸைப் பெயர்த்து, அறை முழுக்க ஆறு அங்குலத்துக்கு முக்கால் இன்ச் ஜல்லி பரப்பினோம். ஜல்லிக்கு நடுவே இடைவெளி பெரியது என்பதால் தண்ணீர் அதன் வழியாக ஏற முடியாது. மேலே சொன்ன கணக்குதான், தலைகீழாக. அதன் மேல் கெட்டியான பாலிதீன் தாள், கான்கிரீட், சிவப்பு ஆக்சைடு தரை. சுவரில் சிமெண்டை நாலடி உயரம் வரை கொத்தி எடுத்து, இரண்டு மாதம் சும்மா காயவிட்டோம். தினமும் உதிர்ந்த உப்பைப் பிரஷ்ஷால் தள்ளி அள்ளியது என் வேலை. அப்புறம் ஊறவைத்த சுண்ணாம்பும் மணலும் சேர்த்துப் பூச்சு, மேலே வெறும் வெள்ளை. தெருப்பக்கச் சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குப் பள்ளம் வெட்டி, ஜல்லி போட்டு, வாட்டம் கொடுத்துச் சாக்கடைக்கு விட்டிருக்கிறோம்.

சுவரில் ஓதத்தின் எல்லையைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவருகிறேன். ஜனவரியில் 105 செ.மீ., ஏப்ரலில் 71, ஜூனில் 48. வெயில் காலத்துக் கணக்கு இது, நம்பிவிடக் கூடாது. ஐப்பசி மழை இன்னும் வரவில்லை.

அப்பா இப்போதைக்குத் திண்ணை அறையில் படுக்கிறார். மிதிகட்டை இரண்டையும் எடுத்துத் துடைத்துத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். நான் கேட்கவில்லை.