தலைமன்னார் வழி: பாதையும் எல்லையும்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் சுமார் 30 கிலோமீற்றர் அகலமே உடையது. இக்குறுகிய நீர்ப்பரப்பு யாருக்குப் பாதையாக இருந்தது, யாருக்கு எப்போது எல்லையாயிற்று என்பதை நாம் இங்கு நோக்குவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வேண்டிய தொழிலாளர், தென்னிந்தியாவிலிருந்து தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, வன்னிக் காடுகளினூடாக மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். கோப்பி அறுவடை பருவத்துக்குரியதாகையால் எஞ்சியோரில் பலர் வேலை முடிந்ததும் ஊர் திரும்பினர். பின்னர் வந்த தேயிலையோ ஆண்டு முழுவதும் உழைப்பை வேண்டி நின்றது. தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களில் நிலைகொண்டனர்.

1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் இருப்புப்பாதையும் திறக்கப்பட்டன. சென்னையில் புகையிரதமேறியவர் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மீண்டும் புகையிரதமேறிக் கொழும்பை அடையலாயிற்று. ஆயினும் இவ்வழி அனைவருக்கும் ஒரே தன்மையதாக அமையவில்லை. தோட்டத் தொழிலாளர் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டு நோய்ப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வில்லை அணிந்தே பலர் கடல் கடந்தனர்.

1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அதே ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் பழைய போக்குவரத்தைக் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் உட்படுத்தியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அம்மக்களின் கருத்தைக் கேளாமலே, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து இயங்கியது. மலையகத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள், தாம் கண்டிராத 'தாயகத்துக்கு' அக்கப்பலிலேயே அனுப்பப்பட்டனர்.

1984இல் கப்பற் சேவை நின்றது. 1990இல் தடைப்பட்ட புகையிரதம் 2015இல் தலைமன்னாருக்கு மீண்டது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.

உழைப்புத் தேவைப்பட்ட காலத்தில் இக்கடல் பாதையாகத் திறந்திருந்தது. உழைத்தவர் வாக்குரிமையோடு வாழ முற்பட்டபோது எல்லையாக மூடப்பட்டது. எல்லை என்பதை இயற்கை வகுத்த கோடாக அன்றி, வர்க்க நலன்களும் அரசியல் அதிகாரமும் வகுத்த ஏற்பாடாகக் காண்பதே பொருத்தமாகும்.