செயற்கைப் புல் ஏன் சுடுகிறது? மழைநீர் எப்படி வடிகிறது?

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது, வெயிலும் கொளுத்துகிறது. வீட்டுக் கொல்லையில் பந்து விளையாடச் செயற்கைப் புல்தரை அமைப்பவர்கள் இரண்டையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஏன் சுடுகிறது? இயற்கைப் புல், வேர் உறிஞ்சிய நீரை இலை வழியே ஆவியாக்குகிறது; வெப்பமும் அதோடு போய்விடுகிறது. பாலிஎத்திலீன் இழைக்கு அந்த வழி இல்லை. அதனால் உச்சி வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டலாம். தண்ணீர் தெளித்தால் தணியும். காய்ந்ததும் மறுபடி சூடேறும்.

நீர் எப்படி வடிகிறது? விரிப்பின் அடிப்பாகத்தில் சிறு துளைகள் உண்டு. ஆனால் கீழே களிமண் இருந்தால் அவற்றால் பயனில்லை. எனவே மேல்மண்ணை அகற்றி, உடைகல்லை அடுக்கடுக்காகப் பரப்பி இறுக்குகிறார்கள். மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சரிவு வைத்தால் மிச்ச நீர் வடிகாலுக்கு ஓடிவிடும்.

மணல் எதற்கு? இழைகளுக்கிடையே தூவும் சிலிக்கா மணல் விரிப்பை நகரவிடாமல் அழுத்துகிறது. இழைகளை நிமிர்த்திப் பிடிக்கிறது. பந்து சீராக எழும்பவும் உதவுகிறது.

ஆகவே, விரிப்பின் விலையைப் பார்க்குமுன் அடித்தளத்தைப் பாருங்கள். நண்பகலில் குழந்தைகளை வெறுங்காலோடு அதில் இறக்காதீர்கள்.