டோலி ஏறிய கதை, கைப்பேசியில் இறங்கும் கதை

கொல்லிமலைக்கு அசையும் உருவம் புதிதல்ல. பார்ப்பவரை மயக்கிச் சிரிக்கும் கொல்லிப்பாவையைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். சினிமாவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த மலை அதைக் கற்பனை செய்து பார்த்துவிட்டது. ஆனால் இயேசுவின் கதை இங்கே வந்து சேர்ந்தபோது அதைக் கொண்டுவந்தது திரையல்ல, ஒரு தம்பதி.

1907இல் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி ஜெஸ்ஸி பிராண்டும், அவருக்குப் பின் வந்த ஈவ்லினும் 1913இல் மணமுடித்து இம்மலையில் உள்ள வாழவந்தியில் குடியேறினார்கள். மேலே வரச் சாலை கிடையாது. காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். முடியாதவர்களை டோலியில் சுமப்பார்கள். மலைக்காய்ச்சலும் நரம்புச் சிலந்தியும் ஊர் ஊராக இருந்தன. ஜெஸ்ஸி மருந்து கொடுத்தார், புண் கட்டினார், பள்ளி தொடங்கினார், தச்சுத் தொழில் கற்றுக்கொடுத்தார். சொன்ன கதையை எல்லோரும் கேட்டார்கள், ஆனால் பல ஆண்டுகள் யாரும் அவர் நம்பிக்கையை ஏற்கவில்லை. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் வந்த விஷக்காய்ச்சலில், அதுவரை அவர்களை எதிர்த்த பூசாரி ஒருவர், சாகும் நேரத்தில் தம் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார் என்று அந்தக் குடும்பத்தின் வரலாறு சொல்கிறது. அதன் பிறகுதான் மலைமக்களின் தயக்கம் தளர்ந்ததாம்.

1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். பணி ஓய்வு வயதைத் தாண்டிய பிறகும் ஈவ்லின் மலைக்கே திரும்பினார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சுற்றி, 1974இல் 95 வயதில் மறைந்தார். 1914இல் பிறந்து இம்மலையில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்டுதான் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு அறுவை செய்து புகழ்பெற்றவர்.

கீழே சமவெளியில் அதே கதை வேறு வழியில் பயணப்பட்டது. திருச்சி ரயில்வேயில் வரைவாளராக இருந்த கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1905இல் ஒரு படம் காட்டும் கருவியையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றில் இயேசுவின் வாழ்க்கைப் படமும் ஒன்று. வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். தமிழ் நிலத்தில் சினிமா ஊர்வலம் வரத் தொடங்கியதே இப்படித்தான். பேசாத படமாயிற்றே! அந்தக் காலக் கொட்டகைகளில் திரையருகே நின்று ஒருவர் கதையை விளக்குவது வழக்கம். வின்சென்ட் 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற திரையரங்கைக் கட்டினார்.

இதே வகைப் படம் பம்பாயில் இன்னொருவரையும் பிடித்தது. கிறிஸ்துவின் வாழ்க்கையைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த தாதா சாகேப் பால்கேயின் மனக்கண்ணில் கிருஷ்ணனும் ராமனும் ஓடினார்கள். 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ பிறந்தது. நம் புராணப் படங்களின் வேரில் ஒரு கிறிஸ்து படம் இருக்கிறது.

வேர் வாங்கிய கடனைக் கிளை தீர்த்தது 1978இல். ‘பாசமலர்’ தந்த ஏ. பீம்சிங் தெலுங்கில் தொடங்கிய ‘கருணாமயுடு’, அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் இறந்த பின் வெளிவந்தது. தமிழில் ‘கருணாமூர்த்தி’, இந்தியில் ‘தயாசாகர்’. விஜயசந்தர் நடித்த இயேசுவிடம் புராணப் படத்துச் சாமியின் நிதானமும் ஒளியும் இருந்தன. பாட்டும் கண்ணீரும் நம் பழக்கத்திற்கேற்ப வந்தன. பால்கே கடன் வாங்கிய இலக்கணம் வட்டியோடு திரும்பி வந்துவிட்டது. ஊழியக் குழுக்கள் இப்படத்தின் சுருள்களை நாட்டுப்புறங்களில் தூக்கிச் சென்று இரவில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டின.

அடுத்த ஆண்டு, 1979இல், லூக்கா நற்செய்தியை அப்படியே தழுவி ஆங்கிலத்தில் ‘ஜீசஸ்’ வந்தது. பிரையன் டீக்கன் நடித்த அந்தப் படம் இன்றுவரை 2,000க்கும் மேற்பட்ட மொழிகளில் குரல் மாற்றப்பட்டிருக்கிறது. தமிழும் அவற்றில் ஒன்று. ஊர்களில் இதைத் திரையிட்டபோது மண் தரையில் உட்கார்ந்து பார்க்கும் கூட்டத்தில் நம்பியவரும் இருப்பார், வேடிக்கை பார்க்க வந்தவரும் இருப்பார். படம் முடிந்ததும் கொண்டுவந்தவர் எழுந்து பேசுவார். கேட்பவர் கேட்பார், வாதாடுபவர் வாதாடுவார். பிராண்டு தம்பதியின் முறையில் பாதியாவது அதில் மிச்சமிருந்தது.

இன்று கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தே மலைமேல் உள்ள செம்மேட்டுக்கு ஏறிவிடுகிறது. கதைக்கு அந்தப் பேருந்தும் தேவையில்லை. சிக்னல் கிடைத்தால் போதும். ‘ஜீசஸ்’ இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

திரையில் தெரியும் ஆளும் மாறிவிட்டார். 2004இல் மெல் கிப்சன் எடுத்த ‘தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்’ அராமிக்கும் லத்தீனும் பேசியது, இயேசுவின் கடைசிப் பன்னிரண்டு மணி நேரத்தை ரத்தமும் சதையுமாகக் காட்டியது. ஒளிவட்டம் போய், உடம்பின் வலி வந்தது. 2019இல் தொடங்கிய ‘தி சோசன்’ தொடரில் இயேசு சீடர்களோடு கேலி பேசுகிறார், களைத்துப்போகிறார், கல்யாண வீட்டில் ஆடுகிறார். இத்தொடரின் முதல் பருவத்துக்குப் பணம் கொடுத்ததும் ஸ்டுடியோ முதலாளிகள் அல்ல. இணையம் வழியே பல்லாயிரம் பேர் முதலீடு செய்தார்கள். கையெடுத்துக் கும்பிட வேண்டிய சாமியாக இருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசக்கூடியவராகிவிட்டார்.

திரை கைப்பேசிக்கு மாறியதில் லாபமும் உண்டு. கூடாரத்தில் ஊரே பார்க்கும்போது பிடிக்காவிட்டாலும் எழுந்து போவது கடினம். கைப்பேசியில் பார்ப்பவர் வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், வேண்டாமென்றால் அணைக்கலாம். நம்புவதும் மறுப்பதும் அவர் விருப்பம். சொல்ல வந்தவரின் அதிகாரம் குறைந்து, பார்ப்பவரின் சுதந்திரம் கூடியிருக்கிறது.

ஆனால் வாழவந்தியில் தயக்கத்தைத் தளர்த்தியது கதையின் அழகன்று. கதை சொன்னவர்கள் காய்ச்சல் காலத்தில் ஊரைவிட்டு ஓடாமல் இருந்தது. அதை எந்தப் படமும் சுருளில் ஏற்ற முடியாது. படத்தை மலைக்குக் கொண்டுபோவது இன்று ஒரு விரல் வேலை. படம் முடிந்ததும் பார்த்தவர் கேட்கும் கேள்விக்கு, அங்கேயே தங்கி வாழ்ந்து பதில் சொல்ல ஆள் கிடைப்பதுதான் டோலிக் காலத்தைப் போலவே இன்றும் அரிதாக இருக்கிறது.