பல பேரேடுகள், ஒரு கணக்கு

மாட்டுத்தாவணி என்னும் பெயரே கால்நடைச் சந்தையைக் குறிப்பது. இன்று அவ்வட்டாரத்தில் மலர்ச் சந்தையும் காய்கறிச் சந்தையும் பேருந்து நிலையமும் அமைந்துள்ளன. அங்கேயே 2025 பிப்ரவரியில் டைடல் பூங்காவிற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. பூவும் காயும் நிறுக்கும் இடத்திற்குக் கணினித் தொழிலும் வருகின்றது. ஆதலின், பல்கலைக்கழகங்களில் நம் பிள்ளைகள் பயிலும் தகவல் முறைமைக் கல்வி இன்னதென்று அங்கத்தினர் அறிவது அவசியமெனக் கருதுகிறோம்.

இக்கல்விக்கு அடிப்படை தரவுத்தளம். அதாவது, கணினியில் வைக்கப்படும் பேரேடு. 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த எட்கர் காட் என்பார் இதற்கு ஓர் ஒழுங்கை வகுத்தார். செய்திகளைப் பட்டியல்களாகப் பிரித்து, பொதுவான ஓர் எண்ணால் அவற்றைத் தொடர்புபடுத்துவதே அது. அங்கத்தினர் பட்டியலில் பெயரும் முகவரியும் ஒரே முறை இருக்கும். கடன் பட்டியலில் அவருடைய எண் மட்டும் இருக்கும். முகவரி மாறினால் ஓரிடத்தில் திருத்தினாற் போதும். மேலும், ஒரு கணக்கில் பற்று எழுதி மற்றொன்றில் வரவு எழுதும்போது மின்சாரம் நின்றாலும், இரண்டும் பதிவாகும். அன்றேல் இரண்டும் பதிவாகா. இத்தகைய காப்பையும் மாணவர் கற்கின்றனர்.

மேற்படிப்பில் வருவது தரவுத்தளங்களை ஒருங்கிணைக்கும் கலை. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. தறியும் நிலமும் உடைய ஒருவர் நெசவாளர் சங்கத்திலும் கடன் சங்கத்திலும் அங்கத்தினராயிருப்பார். ஓரேட்டில் அவர் பெயருக்கு முன் தலைப்பெழுத்து. மற்றோரேட்டில் தந்தையின் முழுப் பெயர். ஓரிடத்தில் விளைச்சல் மூட்டைக் கணக்கு, வேறிடத்தில் குவிண்டால். இருவரை ஒருவராக இணைத்துவிட்டால் ஒருவரது பாக்கி மற்றவர் தலையில் விழும். ஒருவரை இருவராகக் கொண்டால் அவரது முழுக் கடன் தெரியாது. ஆகவே பெயரை மட்டும் நம்பாமல் பிறந்த தேதி, ஊர் முதலியவற்றையும் ஒப்பிடவும், ஐயமுள்ளவற்றை மனிதர் ஆராய விடவும், ஒவ்வொரு செய்தியும் எந்த ஏட்டிலிருந்து வந்ததென்று குறித்துவைக்கவும் இக்கல்வி பயிற்றுகிறது.

இது நமக்குத் தொலைவான விஷயமன்று. 2022 ஜூனில் மத்திய அரசு 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை ரூ. 2,516 கோடிச் செலவில் கணினிமயமாக்க ஒப்புதல் அளித்தது. பொதுவான மென்பொருளில் கணக்கேற்றுவதும், நபார்டு வங்கியுடன் இணைப்பதும் அத்திட்டத்தின் நோக்கம். பழைய ஏட்டில் பிழையிருப்பின், அது புதிய இயந்திரத்திலும் பிழையாகவே ஏறும். பாவில் ஓரிழை மாறினால் சேலையின் நீளம் முழுதும் அப்பிழை ஓடுவதை நம் நெசவாளர் நன்கறிவர்.

ஆகவே, கணக்கேற்றம் நிகழுமுன் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் பாஸ் புத்தகத்தைச் சங்கப் பேரேட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பெயரும் தந்தை பெயரும் எல்லா ஏடுகளிலும் ஒரே வகையாக எழுதப்பெறச் செய்தல் வேண்டும். பிழை கண்டால் எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகை பெறுதல் நலம்.

மதுரையிலேயே காமராசர் பல்கலைக்கழகத்திலும் தியாகராசர் பொறியியற் கல்லூரியிலும் கணினிக் கல்வி கிடைக்கிறது. நம் மக்களை, பெண்மக்களையுங்கூட, இத்துறைக்கு அனுப்புவோமாக. மூட்டைக்கும் குவிண்டாலுக்கும் உள்ள வேற்றுமையை வீட்டிலேயே அறிந்த பிள்ளை இணைக்கும் கணக்கில் நம் உழைப்பு பிழையின்றி நிற்கும்.