தாய்மையும் பணிநேரமும்

நுழையும்முன்

மகப்பேறு விடுப்பு எத்தனை வாரம் என்பதைப் பலரும் அறிவர். விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பும் தாய் நாள்தோறும் எத்தனை மணி நேரம், எந்த ஏற்பாட்டில் பணியாற்றுவது என்பதைச் சிலரே எண்ணிப் பார்க்கின்றனர். படித்துப் பணிக்குச் செல்லும் பெண்களுள் சிலர் முதல் குழந்தைக்குப் பின் வேலையைவிட்டு நிற்பதற்கு இக்கேள்விக்கு விடை கிடைக்காமையும் ஒரு காரணமாகும். அவ்விடையைச் சட்டத்தின் துணையோடும் பேச்சின் துணையோடும் தேடுகிறது இப்பாடம்.

சட்டம் கடந்துவந்த பாதை

1919ஆம் ஆண்டு வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மாநாடு, பேறுகாலப் பாதுகாப்புக்கான உடன்படிக்கையை ஏற்றது. பணிநேரத்திற்குள் நாள்தோறும் இருமுறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் பாலூட்டத் தாய்க்கு இடைவேளை தரவேண்டும் என அது கூறியது. இந்தியாவில் 1929ஆம் ஆண்டு பம்பாய் மாகாணம் மகப்பேற்று நலச் சட்டத்தை இயற்றியது. சென்னை மாகாணமும் அடுத்த சில ஆண்டுகளில் அவ்வழியில் சென்றது. விடுதலைக்குப் பின் அரசமைப்புச் சட்டத்தின் 42ஆம் உறுப்பு, மனிதத்தன்மை வாய்ந்த பணிநிலைமைகளையும் மகப்பேற்று உதவியையும் அரசின் கடமையாக வகுத்தது. 1961இல் நாடு முழுமைக்குமான மகப்பேற்று நலச் சட்டம் பிறந்தது.

2017ஆம் ஆண்டுத் திருத்தம், ஊதியத்துடன் கூடிய 12 வார விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. இரண்டு குழந்தைகள் உள்ள தாய்க்கு அடுத்த பேற்றின்போது 12 வாரமே உண்டு. தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2016இல் ஒன்பது மாதங்களாகவும், 2021 சூலை முதல் ஓராண்டாகவும் இவ்விடுப்பை நீட்டித்தது.

கணக்கு காட்டும் உண்மை

கீழ்பென்னாத்தூரில் வாழும் இளந்தாய் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் திருவண்ணாமலை நகரிலுள்ள தனியார் நிறுவனமொன்றில் கணக்கராகப் பணிபுரிகிறார் எனக் கொள்வோம். 26 வார விடுப்பில் எட்டு வாரம் வரை பேற்றுக்கு முன் எடுத்துக்கொள்ளலாம். எட்டு வாரத்தையும் அவர் முன்னரே எடுத்திருந்தால், குழந்தை பிறந்தபின் எஞ்சுவது 18 வாரம். அதாவது நான்கு மாதத்திற்குச் சற்று மேல். குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே தரவேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகிறது. இவ்விரு அளவுகளுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மாத இடைவெளி விழுகிறது.

பணிநேரம் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை என்றால், பேருந்துக்குக் காத்திருப்பதும் பயணமும் சேர்ந்து அவர் எட்டு மணிக்குப் புறப்பட்டு இரவு ஏழு மணிக்கே வீடு திரும்புவார். பதினொரு மணி நேரம் குழந்தை தாயைப் பிரிந்திருக்கும். விடுப்பு போதாத இடத்தைப் பணிநேர ஏற்பாடே ஈடுசெய்ய இயலும்.

உரிமையும் இணக்கமும்

பணிக்குத் திரும்பும் தாய் முதலில் தெளிய வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. சட்டம் உறுதியாகத் தருவது உரிமை; இருதரப்பும் ஒப்பினால் மட்டுமே கிடைப்பது இணக்கம்.

குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறைவுறும் வரை, வழக்கமான ஓய்வு இடைவேளை நீங்கலாக நாள்தோறும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் பெறுவது உரிமை. அதற்காக ஊதியத்தைப் பிடித்தம் செய்தல் கூடாது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதியை ஏற்படுத்த வேண்டும். ஓய்வு இடைவேளையையும் சேர்த்து நாளொன்றுக்கு நான்கு முறை தாய் அங்குச் சென்றுவர விடவேண்டும். விடுப்புக் காலத்தில் பணிநீக்கம் செய்வதும், பணி நிபந்தனைகளைத் தாய்க்குப் பாதகமாக மாற்றுவதும் சட்டத்திற்குப் புறம்பானவை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இப்பாதுகாப்புகளைக் கொண்டுள்ளது.

வீட்டிலிருந்து பணிபுரிதல் அத்தகையதன்று. பணியின் தன்மை இடங்கொடுத்தால், முதலாளியும் தாயும் ஒப்புக்கொள்ளும் கால அளவிலும் நிபந்தனைகளிலும் அதனை அனுமதிக்கலாம் என்றே 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. தாமதமாக வந்து பணிதொடங்குவதும் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்வதும் பேசிப் பெறவேண்டியவையே. சுவீடனில் குழந்தைக்கு எட்டு வயதாகும் வரை வேலை நேரத்தைக் கால் பங்கு வரை குறைத்துக்கொள்ளப் பெற்றோர் இருவருக்கும் உரிமை உண்டு. குறைந்த நேரத்திற்கேற்ப ஊதியமும் குறையும். நம் நாட்டில் தனியார் துறைக்கு அத்தகைய பொதுவுரிமை இன்னும் வரவில்லை. ஆதலின் பேசும் திறன் இங்குக் கூடுதல் பொறுப்பைச் சுமக்கிறது.

பேசும் முறை

நாம் எண்ணிய தாய்க்குப் பாலூட்டும் இடைவேளை உரிமை உண்டு. ஆயினும் குழந்தை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போது அவ்விடைவேளையால் பயன் விளையாது. 2000ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட பரிந்துரை இதற்கொரு வழிகாட்டுகிறது. இருதரப்பும் இசைந்தால், இரு இடைவேளைகளையும் ஒன்றாக்கிப் பணிநாளின் தொடக்கத்திலோ முடிவிலோ நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. பயன்படாத உரிமையைப் பயன்படும் வடிவில் கேட்பதற்கு இஃது ஏற்ற வழியாகும்.

பேச்சைத் திரும்பிவரும் நாளன்று தொடங்குதல் காலம் கடந்த செயலாகும். விடுப்பில் செல்லுமுன் ஒருமுறையும், திரும்புவதற்குச் சில வாரங்களுக்கு முன் மறுமுறையும் பேசுவது நன்று. கோரிக்கை தெளிவாக இருத்தல் வேண்டும். ‘கொஞ்சம் அனுசரித்துக் கொள்ளுங்கள்’ என்பது வேண்டுகோளாக நிற்குமே தவிர, ஏற்பாடாக மாறாது. கீழ்க்காணும் விண்ணப்பப் பகுதியை நோக்குக.

‘வரும் திங்கள் முதல் நாள் நான் பணியில் சேரவுள்ளேன். குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறைவுறும் வரை, பாலூட்டும் இடைவேளைகள் இரண்டையும் இணைத்து மாலையில் அந்நேர அளவுக்கு முன்னதாகப் புறப்பட இசைவு வேண்டுகிறேன். அன்றாடக் கணக்கு முடிப்பைப் பிற்பகல் நான்கு மணிக்குள் நிறைவு செய்வேன். மாத இறுதியின் கடைசி இரண்டு நாள்களில் முழுநேரமும் இருப்பேன். மூன்று மாதத்திற்குப் பின் இவ்வேற்பாட்டை இருவரும் மீளாய்வு செய்யலாம்.’

இதில் தேவை, கால எல்லை, பணிக்கான பொறுப்பு, மீளாய்வு ஆகிய நான்கும் உள்ளன. வாய்மொழி இசைவு மேலாளர் மாறினால் மறைந்துபோகும். ஆகவே எழுத்தில் பெறுதல் இன்றியமையாதது. ஊதியக் குறைப்புக்கு ஒப்புக்கொள்ள நேர்ந்தால், அது கூடுதலாகக் குறைக்கும் நேரத்திற்கு மட்டுமே உரியது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். சட்டம் தரும் இடைவேளையை விலையாகக் கொடுத்து வேறொன்றை வாங்குதல் கூடாது. உரிமையே மறுக்கப்படுமாயின் தொழிலாளர் துறையிடம் முறையிடலாம்.

மறுதரப்பின் நியாயம்

ஐந்து பேர் பணிபுரியும் சிறுகடையில் ஒருவர் முன்னதாகச் சென்றால் மற்றவரின் சுமை கூடும். தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் சேர்ந்தவருக்கு விடுப்புக்காலப் பணப்பயனை அக்காப்பீடே தருகிறது; ஏனையோருக்கு முதலாளியே ஏற்கிறார். இச்செலவுக்கு அஞ்சிப் பெண்களைப் பணியமர்த்தத் தயங்குவோரும் உளர். ஆனால், தொழில் கற்றுத் தேர்ந்த ஒருவரை இழந்து புதியவரைப் பழக்குவதும் செலவே. குழந்தை வளர்ப்பில் தந்தையும் பங்கேற்றுத் தம் பணிநேரத்தை மாற்றிக்கொண்டால், தாயின் நிறுவனம் மட்டுமே சுமையைத் தாங்கும் நிலையும் மாறும்.

சட்டத்தின் நிழலில் வராதோர்

செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்ணுக்குச் சட்டம் துணைநிற்கிறது. கீழ்பென்னாத்தூரின் வயல்களில் நாற்று நடும் பெண்ணுக்கு விடுப்பை யார் தருவார்? தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஏழைத் தாய்மார்க்குப் பணவுதவி அளிக்கிறது. தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேற்றுப் பயன்கள் உண்டு என்று, தில்லி மாநகராட்சித் தொழிலாளர் வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், நாளுக்கொரு நிலத்தில் கூலிவேலை செய்பவர் பணிநேரம் குறித்து யாரிடம் பேசுவார் என்னும் கேள்வி விடையின்றி நிற்கிறது. மரக்கிளையில் கட்டிய சேலைத் தூளியே இன்றும் அவருக்குக் காப்பகமாக இருக்கிறது. அவருக்கும் எட்டும்போதுதான் இவ்வுரிமை முழுமை பெறும்.

தெரிந்து தெளிவோம்

மகப்பேற்று நலச் சட்டத்தின் சுருக்கத்தை அவ்வட்டார மொழியில் பணியிடத்தில் பார்வையில் படும்படி வைக்கவேண்டும் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பணியில் சேரும்போதே ஒவ்வொரு பெண்ணுக்கும் இப்பயன்களை எழுத்துவழி அறிவிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது.

கற்பவை கற்றபின்

1. பணிக்குத் திரும்பும் தாயாக ஒருவரும் மேலாளராக மற்றொருவரும் இருந்து, பணிநேர மாற்றம் குறித்து வகுப்பில் உரையாடுக. பின்னர் இடம் மாறிப் பேசுக.

2. உம் ஊரில் பணிக்குச் செல்லும் தாய்மார் இருவரிடம் கேட்டறிந்து, அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடுகளை ஒரு பக்க அளவில் எழுதுக.