லேப்டாப் வேகத்துக்கு 'கோர்' எண்ணிக்கையை மாற்றலாமா?

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில், 22 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளை மூன்று வாசல்கள் வழியாகத்தான் முழுமையாகத் தரிசிக்க முடியும். இரண்டைச் சாத்திவிட்டால்? லேப்டாப்பில் பலர் தெரியாமல் அதைத்தான் செய்கிறார்கள்.

விண்டோஸில் 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து, 'பூட்' பகுதியில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போனால், 'நம்பர் ஆஃப் பிராசஸர்ஸ்' இருக்கும். அதில் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தால் வேகம் கூடும் என்பது தவறான நம்பிக்கை. அது உச்சவரம்பு மட்டுமே. டிக் இல்லாதபோதே விண்டோஸ் எல்லா கோர்களையும் பயன்படுத்துகிறது. தவறுதலாக '1' வைத்துவிட்டால், நான்கு கோர் லேப்டாப்பும் ஒற்றை கோரில் திணறும்.

தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் வந்தது நினைவிருக்கலாம். லினக்ஸில் 'ஐசோல்சிபியூஸ்=2-5' என வரம்பாகவே கொடுக்கலாம். எண்ணிக்கை 0-விலிருந்து தொடங்குவதால், 3-வது முதல் 6-வது வரையிலான நான்கு கோர்கள் பொதுவான வேலைகளிலிருந்து ஒதுக்கப்படும். நொடி பிசகாமல் இயந்திரங்களை இயக்குவோருக்கு இது உதவும். வீட்டு லேப்டாப்பிலோ அந்த கோர்கள் சும்மா கிடக்கும்.

லேப்டாப் திடீரென மந்தமானால், கடைக்குத் தூக்கிச் செல்லும் முன் அந்த டிக்கைப் பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். செலவில்லாமல் எல்லா வாசலும் திறந்துவிடும்!