உங்களுக்குத் தெரியுமா? போரைக் கேள்வி கேட்ட சைத்தோ தகாவோ

ஜப்பானுக்கு வெளியே சைத்தோ தகாவோவின் பெயரை அறிந்தவர்கள் குறைவு. 1870இல் ஹியோகோ மாகாணத்து இசுஷி பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், வழக்கறிஞரானார், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலும் படித்தார். 1912இல் முதன்முறையாக நாடாளுமன்றம் சென்றார். குள்ளமான, ஒல்லியான மனிதர்.

ராணுவத்தை எதிர்த்து வாய் திறக்கவே பலர் அஞ்சிய காலம் அது. சீனாவுடன் போர் தொடங்கி இரண்டரை ஆண்டுகள் கடந்திருந்தன. 1940 பிப்ரவரி 2 அன்று சைத்தோ அவையில் எழுந்தார். இந்தப் போர் எதற்காக, எப்போது முடியும் என்று அரசை நேருக்கு நேர் கேட்டார். 'புனிதப் போர்' என்ற பெயரைச் சொல்லி, மக்கள் கொடுத்த உயிர்ப்பலியைக் கண்டுகொள்ளாமல் இருக்கிறீர்கள் என்று சாடினார். ஒன்றரை மணி நேரம் நீண்ட அந்த உரையின் பெரும்பகுதி அவைக்குறிப்பிலிருந்தே நீக்கப்பட்டது. மார்ச் 7 அன்று, ஆதரவாக 296 பேரும் எதிராக வெறும் 7 பேரும் வாக்களிக்க, அவரையே அவையிலிருந்து வெளியேற்றினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டனர்.

ஆனால் அவருடைய தொகுதி மக்கள் ஒதுங்கவில்லை! 1942 தேர்தலில், அரசு ஆதரவு பெற்ற வேட்பாளர் பட்டியலில் பெயர் இல்லாமலே நின்றவரை, தொகுதியிலேயே அதிக வாக்குகள் தந்து ஜெயிக்கவைத்தார்கள். போர்க்கால ஜப்பானில் இதைவிடத் துணிச்சலான தீர்ப்பைக் காண்பது அரிது.

போருக்குப் பிறகு யோஷிதா, கதயாமா அமைச்சரவைகளில் அமைச்சராக இருந்தார். 1949 அக்டோபரில் காலமானபோதும் அவர் நாடாளுமன்ற உறுப்பினர்தான்.